இல்லத்துப் பிள்ளைகளோடு ‘தி டம்பிங் கிரவுண்ட்’ பார்க்கலாமா?

செந்தூல் டியூஷன் டீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். கோலாலம்பூர் செந்தூலில் ஒரு சிறுவர் இல்லத்தில் சனிக்கிழமைதோறும் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். நான்காம் ஆண்டுப் பிள்ளையிலிருந்து படிவம் ஐந்து (பதினேழு வயது) வரை எல்லாரும் ஒரே கூடத்தில்தான். மதியச் சாப்பாடு முடிந்த நேரம் வேறு, புத்தகத்தைத் திறந்தாலே கண் சொக்கும்.

போன மாதம் படிவம் இரண்டு படிக்கும் ஒரு பெண் பிள்ளை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, யூடியூபில் ஒரு துண்டுக் காட்சியைக் காட்டினாள். “இவங்களும் ஹோம் பிள்ளைங்கதான் டீச்சர். அந்த அங்கிள்கிட்ட எப்படி வாயாடுது பாருங்க” என்றாள். பிபிசியின் சிறுவர் தொடர் அது, ‘தி டம்பிங் கிரவுண்ட்’. அதுவரை நான் கேள்விப்பட்டதில்லை. அன்று இரவே வீட்டில் உட்கார்ந்து தேடிப் பார்க்க ஆரம்பித்தேன்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜாக்குலின் வில்சன் 1991-இல் எழுதிய டிரேசி பீக்கர் கதைதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். இல்லத்தில் வளரும் பத்து வயது டிரேசி தன் கதையைத் தானே எழுதுவதுபோல் அமைந்த நாவல். 2002-இல் அது பிபிசி தொடராக வந்தது. டிரேசியாக டானி ஹார்மர் நடித்தார். 2010-இல் வளர்ந்த டிரேசி அதே இல்லத்துக்குப் பணியாளராகத் திரும்பி வருவதுபோல் இன்னொரு தொடர். 2013-இல் டிரேசி இல்லாமல், பிள்ளைகளை மட்டும் நடுவில் வைத்து ‘தி டம்பிங் கிரவுண்ட்’ தொடங்கியது. பிரிட்டனில் அது பல வருடங்கள் ஓடியிருக்கிறது.

வகுப்பில் இதை வைத்துப் பாடம் நடத்தலாம் என்று எனக்கு ஆசை. பிள்ளைகள் தாங்களாகவே காது கொடுத்துக் கேட்கும் ஆங்கிலம் வேறு எங்கே கிடைக்கும்? ஆனால் நிர்வாகத்தில் ஒருவர் தயங்குகிறார். ஏற்கெனவே மனம் நொந்த பிள்ளைகள், அவர்கள் வாழ்க்கையையே திரையில் காட்டி ஏன் கிளறிவிட வேண்டும் என்கிறார். அவர் சொல்வதைத் தள்ளிவிடவும் முடியவில்லை. நான் அம்மா அப்பாவோடு வளர்ந்தவள். எனக்கு நல்லதாகப் படுவது அந்தப் பிள்ளைகளுக்கு எப்படிப் படும் என்று என்னால் அளக்க முடியாது.

இல்லத்தில் வளர்ந்தவர்கள், வேலை செய்தவர்கள் யாராவது இங்கே இருந்தால் சொல்லுங்கள். காட்டலாமா? காட்டினால் எதிலிருந்து தொடங்குவது?

கெப்போங் அப்பா

டீச்சர், என் மகள் ஐந்தாம் ஆண்டு. இந்தத் தொடரை விரும்பிப் பார்க்கிறாள். அவள் வகுப்பில் இல்லத்திலிருந்து வரும் ஒரு பையன் இருக்கிறான். முன்பு அவனைப் பற்றி “பாவம்பா” என்று மட்டும் சொல்வாள். இப்போது அவன் காற்பந்தில் ஏமாற்றுகிறான் என்று வீட்டில் வந்து புகார் சொல்கிறாள். எனக்கு அது சந்தோஷமாக இருந்தது.

மொழி பற்றி ஒன்று. தொடரை எடுப்பது இங்கிலாந்தின் வடகிழக்கில், நியூகாசல் பக்கம். சில பிள்ளைகளின் பேச்சு நமக்குச் சட்டென்று பிடிபடாது. கீழே எழுத்து ஓடவிட்டுப் பாருங்கள். பிபிசியின் சொந்தத் தளத்தில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், அது பிரிட்டனுக்குள் மட்டும்தான் ஓடும்.

ஜெலுத்தோங் அக்கா

டீச்சர், நான் பினாங்கில் ஓர் இல்லத்தில் வளர்ந்தவள். எட்டு வயதில் கொண்டுபோய் விட்டார்கள், எஸ்.பி.எம். (படிவம் ஐந்துத் தேர்வு) முடித்துவிட்டு வெளியே வந்தேன். இப்போது பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை, வீடு ஜெலுத்தோங். டிரேசி பீக்கரை நான் பார்த்தது பெரியவளான பிறகுதான், என் மகளுக்குத் துணையாக உட்கார்ந்தபோது. மகள் தூங்கிப் போன பிறகும் நான் எழுந்திருக்கவில்லை.

காட்டுங்கள் என்பதுதான் என் பதில். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டிரேசி தன் அம்மா ஹாலிவுட்டில் பெரிய நடிகை, படப்பிடிப்பு முடிந்ததும் வந்து அழைத்துப் போவாள் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருப்பாள். எங்கள் இல்லத்தில் ஒவ்வொருத்திக்கும் இப்படி ஓர் அம்மா இருந்தாள். ஒருத்தியின் அம்மா சிங்கப்பூரில் கடை வைத்திருந்தாள். ஒருத்தியின் அம்மா லண்டனில் தாதி. என் அம்மா ஈப்போவில் மாடி வீடு கட்டிக்கொண்டிருந்தாள், சுவருக்குச் சாயம் அடித்து முடித்ததும் என்னைக் கூட்டிப்போவாள். இதெல்லாம் உண்மையில்லை என்று எல்லாருக்கும் தெரியும். சண்டையில் தலைமுடியைப் பிடித்து இழுப்போம், சட்டையைக் கிழிப்போம், ஆனால் ஒருத்தியின் அம்மா கதையை மட்டும் இன்னொருத்தி தொட மாட்டாள். அது நாங்கள் பேசி வைத்துக்கொண்டதில்லை. ஜஸ்டின் என்று டிரேசிக்கு ஓர் எதிரி வருவாள் பாருங்கள், அவள் அந்தக் கதையில் கை வைத்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இதை எழுதிய அம்மாவுக்கு எங்கள் படுக்கையறைச் சங்கதி எப்படித் தெரியும் என்று நினைத்தேன்.

நம் தமிழ்ப் படங்களிலும் நாடகங்களிலும் அனாதைப் பிள்ளை எப்படி வரும்? ஒன்று, ஓரமாக நின்று அழும். இல்லாவிட்டால் கடைசியில் மச்சத்தை வைத்துப் பணக்கார வீட்டின் தொலைந்துபோன வாரிசு என்று கண்டுபிடிப்பார்கள். சாப்பாடு போட வரும் நாயகனைப் பார்த்துக் கை கூப்பும். பொய் சொல்கிற, கோபப்படுகிற, சாக்லேட்டைத் திருடி ஒளித்து வைக்கிற, சில நேரம் சுயநலமாகவும் இருக்கிற பிள்ளையாக எங்களை யாரும் காட்டியதில்லை. டிரேசி இது அத்தனையும் செய்கிறாள், ஆனாலும் கதை அவளுடையதுதான். பார்க்கிறவர்களும் அவள் பக்கம்தான் நிற்கிறார்கள்.

இன்னொரு விஷயம், எனக்கு இதுதான் முக்கியம். அவள் தன் கதையைத் தானே எழுதுகிறாள். நாவல் முழுவதும் அவள் எழுதும் புத்தகம்தான். இல்லங்களில் வேலை பார்க்கும் சிலருக்கு இதன் அருமை தெரியும். பிள்ளை எங்கே பிறந்தது, யார் யாரோடு இருந்தது, ஏன் இடம் மாறியது என்பதைப் பிள்ளையோடு உட்கார்ந்து, படம் ஒட்டி, எழுதி வைப்பது இங்கிலாந்தில் சமூக நலப் பணியின் ஒரு பகுதி.

எங்கள் கதையை யார் சொன்னார்கள் தெரியுமா? தீபாவளி மாதத்தில் ஆட்கள் வருவார்கள், வேன் வேனாக. பிறந்தநாள் கொண்டாட வருவார்கள். கேக் வெட்டுவதற்கு முன்னால் எங்களை உயர வரிசையில் நிற்க வைப்பார்கள். குழுவில் ஒருவர் மைக்கை வாங்கி, “இந்தப் பிள்ளைக்கு அப்பா சிறையில், அம்மா விட்டுட்டுப் போயிட்டாங்க” என்று ஒவ்வொருத்தியாகச் சொல்லிக்கொண்டு வருவார். எனக்குப் பத்து வயது. நன்கொடையாக வந்த பாவாடை, இடுப்பில் பெரிதாக இருந்ததால் ஊசி குத்தியிருந்தார்கள். அவர் என் முறைக்கு வந்தபோது ஒரு கையால் அந்த ஊசியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முன்வரிசையில் ஓர் ஆன்ட்டி கைக்குட்டையை எடுத்தார். என் அப்பாவைப் பற்றிய அந்தச் செய்தி எனக்கே அன்றுதான் தெரியும்.

அந்த ஆன்ட்டி நல்லவர். பிறகு எனக்குப் பள்ளிக் காலணி வாங்கி அனுப்பினார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் ஒரு பிள்ளையின் வாழ்க்கையை அந்தப் பிள்ளைக்குச் சொல்வதற்கு முன்னால் மைக்கில் சொல்லக் கூடாது. எங்கே என்ன நன்கொடை நிகழ்ச்சி நடந்தாலும் இதைச் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

டீச்சர், நீங்கள் சொன்ன அந்தப் பெண் பிள்ளை தானாக வந்து உங்களிடம் அந்தக் காட்சியைக் காட்டியிருக்கிறாள். அவள் ஏற்கெனவே பார்க்கிறாள். நீங்கள் பக்கத்தில் உட்காரப் போகிறீர்களா இல்லையா என்பதுதான் மிச்சம்.

பட்டர்வொர்த் முன்னாள் வார்டன்

அக்கா எழுதியதைப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். மைக் விஷயத்தில் நூற்றுக்கு நூறு அவர் சொல்வது சரி. சிறார் சட்டம் 2001-இன் கீழ் பாதுகாப்பில் இருக்கும் பிள்ளையை அடையாளம் தெரியும்படி ஊடகத்தில் போடுவதே குற்றம். முகநூலில் கேக் படம் போடுகிறவர்கள் இதை யோசிப்பதில்லை.

ஆனால் தொடர் விஷயத்தில் நான் நிர்வாகத்தார் பக்கம். நான் பல வருடம் பையன்கள் இல்லத்தில் இருந்தேன். இரவில் முப்பது பையன்களுக்கு நானும் சமையல்கார அம்மாவும்தான். அந்தத் தொடரில் பாருங்கள், மைக் என்ற பொறுப்பாளர், கூட இன்னும் பணியாளர்கள், ஒரு வீட்டில் விரல் விட்டு எண்ணக்கூடிய பிள்ளைகள். ஒரு பிள்ளை கதவை அறைந்து சாத்திக்கொண்டால் ஒருவர் போய் வெளியே தரையில் உட்கார்ந்து பேசுவார். எனக்கும் அப்படி உட்கார ஆசைதான். ஆனால் அதே நேரம் கீழே இருவர் அடித்துக்கொண்டிருப்பார்கள், ஒருவனுக்குக் காய்ச்சல், பள்ளி வேன்காரர் ஹாரன் அடிப்பார்.

இதைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் “எங்களுக்கு ஏன் தனி அறை இல்லை, எங்களுக்கு ஏன் வெல்ஃபேர் ஆள் வந்து பேசுவதில்லை” என்று கேட்பார்கள். என்ன பதில் சொல்வது? இன்னொன்று, ஓடிப்போவது. அந்தக் கதையில் பிள்ளைகள் ஓடிப்போனால் கடைசியில் பத்திரமாகத் திரும்பி வருவார்கள். என் பையன் ஒருவன் ஒரு இரவு ஓடி, பட்டர்வொர்த் படகுத் துறையில் நாங்கள் கண்டுபிடிக்கும்வரை எனக்கு உயிர் இல்லை. அந்த இரவை நான் இன்னும் மறக்கவில்லை. தயவுசெய்து யோசித்துச் செய்யுங்கள்.

ஜெலுத்தோங் அக்கா

அண்ணே, உங்களைப் போல் ஒருவர் எங்களுக்கு இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தேடி அலைந்தீர்கள் என்பதே பெரிது.

ஓடிப்போகும் பகுதிகளைப் பற்றி நீங்கள் சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். டீச்சர், அவற்றைச் சின்னப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டாம். பெரிய பிள்ளைகளுக்குக் காட்டினால் நடுவில் நிறுத்திப் பேசுங்கள். ஓடுகிற பிள்ளை எங்கே போகிறது, யாரிடம் போகிறது என்று அவர்களிடமே கேளுங்கள். நமக்குத் தெரியாத பல சங்கதி வெளியே வரும்.

ஆனால் “எங்களுக்கு ஏன் இல்லை” என்ற கேள்வியைப் பற்றி அண்ணன் கவலைப்படுகிறாரே, அந்தக் கேள்வி ஏற்கெனவே அவர்கள் வயிற்றுக்குள் இருக்கிறது. வெளியே கேட்டால் குறைந்தபட்சம் பதில் சொல்லலாம். உண்மையான பதிலே போதும்: அங்கே ஒவ்வொரு பிள்ளைக்கும் அரசாங்கத்தின் சமூக நல அதிகாரி உண்டு, செலவை உள்ளாட்சி மன்றம் ஏற்கிறது, பெரும்பாலான பிள்ளைகள் இல்லத்தில் இல்லாமல் வளர்ப்புக் குடும்பங்களில் இருக்கிறார்கள். இங்கே பல இல்லங்கள் நன்கொடையில் ஓடுகின்றன. நான் வளர்ந்த இடத்தில் அரிசி வரும் மாதம், வராத மாதம் என்று உண்டு. பத்து வயதில் இதை யாராவது எனக்கு விளக்கியிருந்தால், நாங்கள் கெட்ட பிள்ளைகள் என்பதால்தான் சோறு குறைகிறது என்று நினைத்திருக்க மாட்டேன்.

டீச்சர், எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டீர்கள். டிரேசியிலிருந்து வேண்டாம். அவள் கதையின் உயிரே அம்மாவுக்காகக் காத்திருப்பதுதான், முதல் வாரமே அதை இறக்கினால் சிலருக்குத் தாங்காது. ‘தி டம்பிங் கிரவுண்ட்’ பிள்ளைகளிலிருந்து தொடங்குங்கள். கஸ் என்ற பையன் கையில் எப்போதும் குறிப்பேடு, நடப்பதையெல்லாம் எழுதி வைப்பான், கால அட்டவணை மாறினால் அவனால் பொறுக்க முடியாது. குட்டிப் பையன் ஹாரி, ஜெஃப் என்ற ஒட்டகச்சிவிங்கிப் பொம்மையை விடவே மாட்டான். ஃபிராங்குக்குப் பெருமூளை வாதம், ஆனால் கதை அவனை நோயாளியாக உட்கார வைப்பதில்லை. இவர்களைப் பார்த்தால் பிள்ளைகள் சிரிப்பார்கள், “இவன் நம்ம ஆள் மாதிரி” என்று யாரையாவது கை காட்டுவார்கள். அங்கிருந்து பேச்சு தானாக வரும்.

அப்புறம் ஜானியும் டீயும். அண்ணன், தங்கை. வீட்டில் அம்மாவின் துணைவன் செய்த கொடுமையிலிருந்து வந்தவர்கள். ஜானி தங்கையை ஒரு நிமிடம்கூடத் தனியே விட மாட்டான், அவளுக்கே மூச்சு முட்டும் அளவுக்கு. உங்கள் இல்லத்தில் உடன்பிறப்புகள் இருந்தால் இதை அவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். அண்ணன் தம்பியை ஆண்கள் இல்லம், அக்காவைப் பெண்கள் இல்லம் என்று பிரித்துப் போடுவது இங்கே நடக்கிறது. என் தம்பி வேறு மாநிலத்தில் வளர்ந்தான். அவனும் நானும் இப்போது பேசிக்கொள்கிறோம், ஆனால் இருவரும் ஒருவரையொருவர் “நீங்க” என்றுதான் கூப்பிடுகிறோம்.

டைலர் என்ற பையனின் அம்மாவுக்கு மனநோய். அவள் கெட்டவள் இல்லை, அவனை நேசிக்கிறாள், ஆனாலும் பார்த்துக்கொள்ள முடியவில்லை. இதையும் காட்டுங்கள். நம் ஆட்கள் பெற்றவள் விட்டுவிட்டாள் என்றால் உடனே சாபம் விடுவார்கள், பிள்ளை பக்கத்தில் நிற்கிறது என்று பார்க்க மாட்டார்கள்.

அம்மா திரும்பி வரும் கதைகளைக் கடைசிக்கு வையுங்கள். 2000-இல் வந்த இரண்டாவது டிரேசி நாவலில் அம்மா நிஜமாகவே வருவாள், பரிசாக வாங்கிக் குவிப்பாள், பிறகு பிள்ளையைத் தனியே விட்டுப் போய்விடுவாள். நீங்கள் முதலில் படித்துக்கொள்ளுங்கள். உறவினர் வந்து பார்க்கும் நாளுக்கு முந்தின நாளில் அந்த மாதிரிப் பகுதி எதையும் போடாதீர்கள். வராதவர்களுக்காக வாசலில் நிற்கிற பிள்ளைக்கு அந்த இரவு ரொம்ப நீளம்.

பார்க்கும்போது யாராவது எழுந்து போனால் போகட்டும். காரணம் கேட்க வேண்டாம். “உனக்கும் இப்படித்தான் ஆச்சா” என்று மட்டும் யாரும், என்ன ஆனாலும், கேட்கக் கூடாது. டிரேசியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசட்டும், தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் போகட்டும். அது அவர்கள் உரிமை.

செந்தூல் டியூஷன் டீச்சர்

அக்கா, அண்ணே, இரண்டு பேருக்கும் நன்றி. நிர்வாகத்தாரிடம் உங்கள் இருவர் கருத்தையும் காட்டினேன். அண்ணன் எழுதியதைப் படித்து அவர் தலையாட்டினார், அக்கா எழுதிய மைக் பகுதியில் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். படிவம் ஒன்றிலிருந்து மேலே உள்ள பிள்ளைகளுக்கு மட்டும், நான் முதலில் பார்த்துத் தேர்ந்த பகுதிகளை மட்டும் காட்டலாம் என்று ஒப்புக்கொண்டார். கஸ்ஸிலிருந்து தொடங்குகிறேன். ஆளுக்கு ஒரு குறிப்பேடும் வாங்கிவிட்டேன், பூட்டு வைத்தது.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். படிவம் ஐந்து பிள்ளை ஒருத்தி அடுத்த வருடம் வெளியே போகிறாள். தொடரில் பிள்ளைகள் வளர்ந்து கிளம்பும் பகுதிகள் இருக்கின்றன. அவளுக்கு அவை பயத்தைக் கொடுக்குமா?

பட்டர்வொர்த் முன்னாள் வார்டன்

குறிப்பேட்டுக்குப் பூட்டு வைத்தது நல்ல காரியம் டீச்சர். சாவியை வார்டன் கேட்டாலும் கொடுக்க வேண்டாம் என்று நிர்வாகத்தில் முன்கூட்டியே பேசி வைத்துவிடுங்கள். இதை ஒரு வார்டன் சொல்கிறேன்.

ஜெலுத்தோங் அக்கா

பயம் அவளுக்கு இப்போதே இருக்கும் டீச்சர். அவளிடமே கேட்டுவிட்டுக் காட்டுங்கள். இங்கிலாந்தில் 18 வயதுக்குப் பிறகும் ஆலோசகர் ஒருவர் 25 வயது வரை உதவிக்கு உண்டு, வளர்ப்புக் குடும்பத்தில் இருந்தவர்கள் இரு தரப்பும் விரும்பினால் 21 வரை அங்கேயே தங்கலாம். இங்கே சட்டத்தின் கண்ணில் 18-இல் பிள்ளைப் பருவம் முடிந்தது. அதற்குமேல் இல்லத்தின் நல்ல மனம்தான். அந்த வித்தியாசத்தை அவளிடம் மறைக்க வேண்டாம்.

தொடரோடு சேர்த்து இன்னொரு வேலையையும் தொடங்குங்கள். அவள் பெயரில் ஒரு கோப்பு. பிறப்புப் பத்திரம், மைகார்டு (அடையாள அட்டை) நகல், பள்ளிச் சான்றிதழ்கள், தடுப்பூசி விவரம், அவள் பெயரில் வங்கிக் கணக்கு, உறவினர் யாராவது இருந்தால் அவர்கள் முகவரி. பிறப்புப் பத்திரத்தில் ஏதாவது சிக்கல் இருந்தால் இன்றே தேசியப் பதிவிலாகாவுக்கு நடக்க ஆரம்பியுங்கள், அது மாதக்கணக்கில் இழுக்கும். பத்திரம் சரியில்லாமல் வெளியே போன என் தோழிக்கு வேலை கிடைக்கவில்லை, வாடகைக்கு அறை கிடைக்கவில்லை, கல்யாணத்தைப் பதிய முடியவில்லை. சின்னப் பிள்ளைகளுக்கும் பாருங்கள், 12 வயதில் மைகார்டு எடுக்க வேண்டும், அப்போதுதான் பலருக்கு விஷயமே தெரியவருகிறது.

கோப்பை அலுவலக அலமாரியில் வைக்காமல் அவள் கையில் கொடுங்கள், நகல் அலுவலகத்தில் இருக்கட்டும். அவளுக்குப் பாயான் லெப்பாஸ் பக்கம் வேலை தேட விருப்பம் இருந்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். எங்கள் தொழிற்சாலையில் எஸ்.பி.எம். முடித்தவர்களை எடுக்கிறார்கள், பெண்கள் விடுதியும் பக்கத்திலேயே இருக்கிறது.